எங்கள் மலையிலும் ஒரு சபாரி



கடந்த ஆண்டு தைப்பொங்கலுக்கு என் தம்பி மகன் கென்யாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தான். அங்கே கெரிச்சோ என்ற ஊரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. "இங்க மாதிரியேதான் அத்தை, கண்ணுக்கு எட்டின தூரம் தேயிலை" என்பான். பூண்டுலோயாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை கடல் கடந்து போயும் கொழுந்து வாசம் அவனை விடவில்லை.

பொங்கலன்று மாலை லயத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மசாய் மாரா என்னும் புகழ்பெற்ற காட்டுக்குச் சபாரி போய் எடுத்த படங்களை அவன் கைத்தொலைபேசியில் காட்டினான். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, காட்டெருமை என்று ஒவ்வொன்றாக வர, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அத்தை, சிங்கம் எல்லாரும் பாக்குறதுதான். நான் ராத்திரி முழிச்சிருந்து பாத்தது இதைத்தான்" என்று இன்னொரு படத்தை நீட்டினான்.

ஒரு மரக்கிளை. அதைப் பற்றிக்கொண்டு உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருவம். முகம் முழுவதும் கண்களே போல இரண்டு பெரிய வட்டக் கண்கள்.

"இது தேவாங்குல்ல?" என்று கேட்டுவிட்டேன். என் கை நடுங்கியதை அவன் கவனித்திருக்க வேண்டும். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

"தேவாங்கு இல்ல அத்தை. புஷ்பேபின்னு சொல்லுவாங்க. ஆனா தேவாங்குக்குச் சொந்தக்காரங்கதான்" என்றான்.

பெரிய ஐந்தும் சிறிய பலவும்

சபாரி என்பது கிழக்கு ஆபிரிக்காவின் சுவாஹிலி மொழிச் சொல். பயணம் என்று பொருள். அரபு மொழியின் 'சஃபர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அங்கே போகிறவர்கள் எல்லோரும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்னும் 'பெரிய ஐந்தை' எண்ணிக்கொண்டுதான் போவார்களாம். அழகைப் பார்த்து வைத்த பட்டியல் அல்ல அது. துப்பாக்கியோடு கால்நடையாகப் போன வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள், கொல்லுவதற்கு ஆபத்தானவை எவை என்று பார்த்து வைத்த பட்டியல். துப்பாக்கி போய் கமெரா வந்தும் பட்டியல் மாறவில்லை.

ஆனால் காட்டை அறிந்த வழிகாட்டிகள், பொறுமையுள்ளவர்களுக்கு வேறு மிருகங்களைக் காட்டுவார்களாம். புஷ்பேபி குழந்தை அழுவது போலக் குரல் கொடுக்கும். அதனால்தான் அந்தப் பெயர். ஆட்வார்க் என்று ஒன்று. பன்றியைப் போன்ற உடல், கழுதையைப் போன்ற காது, நீண்ட மூக்கு. இரவில் புற்றைத் தோண்டிக் கறையானைத் தின்னும். அது விட்டுப்போன வளைகளில் வேறு பல மிருகங்கள் குடியேறும். உலகில் அதற்கு நெருங்கிய உறவு என்று சொல்ல இன்னொரு மிருகம் இல்லை. செர்வல் என்பது நெடுங்காலும் பெருங்காதும் கொண்ட காட்டுப் பூனை. புல்லுக்குள் எலியின் அசைவைக் காதாலேயே கேட்டு, துள்ளிப் பாய்ந்து பிடிக்கும். இன்னொன்று அழுங்கு. எறும்புண்ணி என்றும் சொல்வோம். ஆபிரிக்காவில் நான்கு இனம், ஆசியாவில் நான்கு இனம். அதில் ஒன்று நம் நாட்டிலும் உண்டு. அதன் செதிலுக்காகவும் இறைச்சிக்காகவும் உலகெங்கும் பிடித்து அழித்ததால், 2016 ஆம் ஆண்டில் அதன் சர்வதேச வியாபாரத்தையே தடை செய்ய நாடுகள் முடிவெடுத்தன.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவன் கேட்டான்: "நம்ம மலையில என்னென்ன இருக்கு அத்தை?"

முப்பது வருடம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவள் நான். காட்டுக்கு ராஜா சிங்கம் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! நம் நாட்டுக் கொடியில் சிங்கம் இருக்கிறது, காட்டில் இல்லை. நம் காட்டில் இருப்பவற்றில் பத்துக்குப் பெயர் சொல்லச் சொன்னால், பன்றி, மரை, குரங்கு என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

வேட்டைக்காரரும் பூச்சிக்காரரும்

நம் மலைக்கும் சபாரிக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்தார். யானையும் மரையும் வேட்டையாடுவதுதான் அவருடைய பெரும் பொழுதுபோக்கு. அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பின்னர் ஆபிரிக்காவுக்குப் போய், 1864 இல் அல்பர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். அவருக்கு முன்பிருந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரி, 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இன்று நுவரெலியாச் சமவெளியில் யானை என்றால் படத்தில்தான். காட்டை அழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் வந்தபோது, பெரிய மிருகங்கள் பலவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. அந்தக் காட்டை வெட்டிய கைகள் நம் பாட்டன், பூட்டன் கைகள்தான் என்பதையும் மறைக்க முடியாது. கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். மரத்தை விழுத்து என்றால் விழுத்தினார்கள்.

இன்னொரு ஆங்கிலேயரும் இருந்தார். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீன் என்ற அவர் தோட்டக்காரராக வாழ்ந்தது நம் பூண்டுலோயாவில்தான். யானையைத் தேடி அவர் போகவில்லை. இலையின் அடியில் ஒட்டிக்கிடக்கும் செதிற்பூச்சிகளைக் குனிந்து தேடினார். 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக, இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றிப் படங்களோடு நூல் வெளியிட்டார். பூண்டுலோயா என்ற ஊர்ப் பெயர் உலகத்துப் பூச்சி ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிய அதுவே காரணம். ஒரே மலையில் ஒருவர் பெரியதைத் தேடி அழித்தார்; இன்னொருவர் சின்னதைத் தேடி அறிந்தார். நாம் யாருடைய கண்ணோடு பார்க்கப் போகிறோம்?

காவல்காரத் தாத்தாவின் பாடம்

எங்கள் தோட்டத்தில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மறுநாள் காலை தம்பி மகனும் நானும் அவரைத் தேடிப் போனோம். "ஆபிரிக்காவுல இருந்து வந்து நம்ம ஆத்துல என்னா பாக்கப் போற?" என்று சிரித்தவர், தேத்தண்ணீர் குடித்து முடிந்ததும் தடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

முதலில் ஆற்றோரம். ஒரு பாறை மேல் நண்டு ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. நாங்கள் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஏதோ பறவை தின்றது என்று நினைத்திருக்கிறோம். "நீர்நாய் சாப்பிட்ட எடம். தினம் ஒரே கல்லுலதான் பந்தி போடும்" என்றார் தாத்தா. நம் நாட்டில் உள்ளது ஒரே ஒரு வகை நீர்நாய்தான். தெளிந்த நீரும் மீனும் நண்டும் இருந்தால்தான் அது இருக்கும். நாம் லயத்துக் குப்பையை எல்லாம் ஆற்றில் கொட்டினால் முதலில் குடிபெயர்ந்து போவது அதுதான்.

மேலே, டர்பன்டைன் மரங்களைத் தாண்டி, பழைய காடு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. பாசி படர்ந்த ஒரு மரத்தில் தாத்தா தடியால் தொடாமல் சுட்டிக் காட்டினார். எனக்கு முதலில் மரப்பட்டைதான் தெரிந்தது. அப்புறம்தான் ஓணான் தெரிந்தது. மூக்கின் நுனியில் வெள்ளையாக ஒரு கொம்பு! காண்டாமிருகத்தைச் சுண்டு விரல் அளவில் செய்து வைத்தது போல இருந்தது. இந்தக் கொம்பு ஓணான் நம் மலையகத்தின் உயர்ந்த காடுகளில் மட்டுமே உண்டு. உலகில் வேறெங்கும் கிடையாது. ஆணுக்குத்தான் கொம்பு நீளம். வெளிநாட்டவர் இதைப் பார்க்கவென்றே ஹோர்ட்டன் சமவெளிக்குப் பணம் செலவழித்து வருகிறார்கள்.

சற்றுத் தூரத்தில் யாரோ கரகரத்த குரலில் அதட்டுவது போலச் சத்தம் கேட்டது. காலையில் பெரட்டுக்குப் போகும்போது நாம் கேட்கும் அதே சத்தம். கருங்குரங்கு என்று நாங்கள் சொல்வது. ஊதாமுகக் குரங்கு என்று புத்தகத்தில் போடுவார்கள். மலைப்பகுதியில் உள்ள வகைக்கு உடலில் கரடியைப் போல அடர்ந்த மயிர். இதுவும் இலங்கைக்கு மட்டுமே உரியது. வீட்டுக் கூரையில் ஏறி அட்டகாசம் செய்யும் செங்குரங்கோடு இதைச் சேர்த்துத் திட்டக் கூடாது. இது பெரும்பாலும் இலை தழை தின்று மரத்திலேயே காலம் கழிப்பது.

எல்லாம் புலி அல்ல

"மலையில புலி" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், கொழுந்து மலையே காலியாகிவிடும். அந்தப் பயம் பொய்யல்ல. நிரையில் குனிந்து நிற்பவள் பெண். சிறுத்தை எதிர்ப்பட்டால் முதலில் பார்ப்பவளும் அவள்தான்.

ஆனால் நாம் புலி என்று சொல்வதில் மூன்று இருக்கிறது. ஒன்று, உண்மையான சிறுத்தை. இலங்கையின் சிறுத்தை தனி வகை. இங்கே சிங்கமும் வரிப்புலியும் இல்லாததால் காட்டுக்கு அதுதான் தலை. சரணாலயத்தில் மட்டுமல்ல, தேயிலைக்கு நடுவில் துண்டு துண்டாக மிஞ்சிய காடுகளிலும், ஓடைக் கரைகளிலும் சிறுத்தை வாழ்கிறது.

இரண்டாவது, மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு பெரிது. சாம்பல் உடலில் கரும்புள்ளி. விரல்களுக்கிடையில் சிறிது சவ்வு உண்டு. தண்ணீரில் இறங்கி நீந்தி மீன் பிடிக்கும். சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பார்கள். சிறுத்தைக் குட்டி என்று நினைத்து நாம் கல்லெறிவது பல சமயம் இதன் மேல்தான். இது மனிதரைத் தேடி வந்து தாக்குவதில்லை.

மூன்றாவது, அதைவிடச் சின்னது. துருப்பிடித்தது போன்ற புள்ளிகள் கொண்ட காட்டுப் பூனை. ஒன்று, ஒன்றரைக் கிலோ எடைதான். உலகிலேயே மிகச் சிறிய காட்டுப் பூனைகளில் ஒன்று. இந்தியா, நேபாளம், இலங்கை தவிர வேறெங்கும் இல்லை. எலியைப் பிடித்துத் தின்று நமக்கு உதவி செய்கிற இந்தப் பிராணியையும், 'புலிக்குட்டி' என்று அடித்துக் கொன்றவர்கள் உண்டு.

சுருக்குக் கம்பி

ஓடையோரமாகத் திரும்பி வரும்போது தாத்தா சட்டென்று நின்று கையை நீட்டி எங்களைத் தடுத்தார். மானாப் புல்லுக்குள், மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பியில் செய்த சுருக்கு. பக்கத்து மரத்தில் இறுக்கிக் கட்டியிருந்தது. நீர்நாய் போகும் தடத்திலேயே இருந்தது.

யார் கட்டியது என்று மூவருக்கும் தெரியும். பக்கத்து லயத்துத் தங்கச்சியின் மரக்கறித் தோட்டம் அதற்கு நேர் மேலே இருக்கிறது. அவள் கொழுந்து எடுத்து வந்த பிறகு மாலையில் மண்வெட்டி பிடிப்பவள். கிழமைக் கடன் எடுத்து உருளைக்கிழங்கு போட்டிருந்தாள். அன்று மாலை அவளிடம் போனேன்.

"டீச்சர், ஒரே ராத்திரியில ரெண்டு பாத்தியைப் பன்றி கெண்டிப் போட்டிருச்சு. கிழமை பொறந்தா கடன்காரங்க வாசல்ல வந்து நிப்பாங்க. பன்றிக்கு என்னா தெரியும், என் கடன் தெரியுமா?" என்றாள்.

அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? மிருகத்தைக் காப்பாற்று என்று பசித்தவளிடம் உபதேசம் செய்வது சுலபம். நான் அவளுக்கு 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் நடந்ததைச் சொன்னேன். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பன்றிக்கு வைத்த சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிக்கொண்டது. இலங்கையில் மிக மிக அபூர்வமானது அது. வனசீவராசிகள் அதிகாரிகள் வந்து மீட்டு, ஊடவளவைக்குக் கொண்டு போய் வைத்தியம் பார்த்தார்கள். கழுத்தில் ஏற்பட்ட காயத்தால் சில நாட்களிலேயே அது இறந்துவிட்டது. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. நம் வீட்டு நாய் எது என்றும் தெரியாது.

"அது மட்டும் இல்ல தங்கச்சி. அந்தத் தடத்துலதான் நம்ம பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறாங்க. நீ கொழுந்து எடுக்குற மலையும் அதுதான். சும்மா போற சிறுத்தை ஒதுங்கிப் போயிரும். கம்பியில மாட்டி உசிருக்குப் போராடுற சிறுத்தை பக்கத்துல வாற ஆளை விடுமா? பன்றிக் குட்டியைப் பிடிச்சுத் தின்னுறதும் அதே சிறுத்தைதான். அதைக் கொன்னுட்டா பன்றி கூடத்தான் செய்யும்" என்றேன்.

அவள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். "அவர்ட்ட நான் சொல்லிப் பாக்குறேன்" என்றாள் கடைசியில்.

இரண்டு நாள் கழித்து அவள் புருஷனே வந்து தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு போனான். சுருக்கைக் கழற்றினார்கள். பழைய தகரத் துண்டுகளைச் சேர்த்து, கம்பு நட்டு, தோட்டத்தைச் சுற்றி வேலி அடித்தார்கள். டின் தட்டும் கயிறு ஒன்றும் வீடு வரை இழுத்தார்கள். அதன் பிறகு பன்றி வரவேயில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டு முறை வந்தது. இன்னொரு பாத்தி போயிற்று. அந்த நட்டத்தில் பாதியைத் தம்பி மகன் தன் கைக்காசில் கொடுத்தான். ஆனால் சுருக்கு மறுபடி கட்டப்படவில்லை. பயிர் இழக்கும் ஏழைக்கு நட்டஈடும், வேலிக்கு உதவியும் கிடைத்தால்தான் இப்படிப்பட்ட மனசு எல்லாருக்கும் வரும். இதைச் சங்கங்களில் நாம்தான் எழுந்து கேட்க வேண்டும்.

தேவாங்கின் கண்கள்

இனி, என் கை ஏன் நடுங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பத்து வயது. தம்பிக்கு ஆறு. அவனுக்குக் கடும் காய்ச்சல். மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. அன்று மாலை விறகு அடுக்கிய இடத்தில் நான் ஒரு தேவாங்கைப் பார்த்தேன். அது அசையாமல் என்னையே பார்த்தது. ஓடி வந்து பெரியவர்களிடம் சொன்னேன். "பிள்ளை சீக்கா கெடக்கையில தேவாங்கு வந்தா சாவு கேக்க வந்திருக்கு" என்றார்கள். நான் காட்டிய இடத்துக்கே வந்து, தடியால் அடித்தார்கள். அது ஓடக்கூட இல்லை. ஓட அதற்குத் தெரியாது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டது போல இருந்தது.

தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. தோட்டத்து டொக்டர் ஐயா கொடுத்த மருந்தினால் விட்டது. ஆனால் தேவாங்கைக் கொன்றதால்தான் பிள்ளை பிழைத்தான் என்று லயம் முழுக்கப் பேசினார்கள். நானும் வெகு காலம் அப்படியே நம்பினேன். டீச்சரான பிறகு அது பொய் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் ஒரு பிள்ளைக்கும் நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தவள் நான் அல்லவா?

தேவாங்கு யாருடைய சாவையும் கேட்டு வருவதில்லை. இரவில் பூச்சி தேடி வருகிறது. கால் கிலோ எடைகூடத் தேறாத உடம்பு, குச்சி போன்ற கைகால், வால் கிடையாது. மெல்ல மெல்ல நடந்து, நம் தோட்டத்துப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். இருட்டில் பார்ப்பதற்காகவே அவ்வளவு பெரிய கண். அந்தக் கண்ணைப் பார்த்துப் பயந்து, சகுனம் என்றும், வசிய மருந்து என்றும் மனிதர் அதைக் கொன்றார்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில், குளிருக்கேற்ற அடர்ந்த மயிரும் குட்டைக் கைகாலும் கொண்ட தேவாங்கு ஒன்று உண்டு. 1942 இல் ஒஸ்மன் ஹில் என்ற விஞ்ஞானி அதைத் தனி வகையாக எழுதி வைத்தார். அதன் பிறகு அறுபது ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாததால் அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். 2002 இல் ஒரு முறை கண்ணில் பட்டது. 2009 இல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் வெளிநாட்டவரும் இரவிரவாகத் தேடி, முதல் முறையாக அதைப் படம் பிடித்தார்கள். 2010 இல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் படத்தைப் போட்டன. காடு துண்டு துண்டானதே அதற்கு முதல் எதிரி என்று சொன்னார்கள்.

தம்பி மகன் ஊர் திரும்ப நான்கு நாள் இருந்தது. டோர்ச் லைட்டின் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டினான். வெள்ளை வெளிச்சம் அந்தக் கண்களை வருத்துமாம். தாத்தா, அவன், நான் மூவரும் ரோட்டை விட்டு இறங்காமல், காட்டோரமாக இரண்டு இரவு நடந்தோம். குளிரைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் இரவு, "நானும் வாறேன்" என்று என் தம்பியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தான்.

ஒன்பது மணி இருக்கும். சிவப்பு வெளிச்சம் ஒரு புதரைத் தடவிப் போனபோது, இரண்டு தணல் துண்டுகள் ஒளிர்ந்தன. யாரும் மூச்சு விடவில்லை. தணல் மெல்ல அசைந்தது. ஒரு கை நீண்டது, கொடியைப் பற்றியது, அப்புறம் இன்னொரு கை. அவசரமே இல்லாமல் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, இலைக்குள் போய்விட்டது. அரை நிமிடம் இருக்குமா? அவ்வளவுதான்.

தம்பிக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. அவன் காதோடு பழைய கதையைச் சொன்னேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு அது தெரியாது; இத்தனை வருடமும் யாரும் சொல்லவில்லை.

"இத்தனூண்டு உசிரா என் சாவைக் கேக்க வந்துச்சு?" என்றான். அப்புறம் வீடு வரும் வரை அவன் பேசவில்லை.

நாம் செய்யக் கூடியவை

சகோதரிகளே, விமானம் ஏறிப் போய் ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்துச் சிலர் தேடுகிற அதிசயங்கள், நாம் கொழுந்துக் கூடையோடு நடக்கும் வழியிலேயே இருக்கின்றன. மலையில் அதிகம் நிற்பவர்கள் நாம். ஆகவே அவற்றை அறிந்து வைத்திருப்பதும், காப்பதும் நம் கையிலேயே அதிகம் இருக்கிறது. சில காரியங்களை மனதில் வையுங்கள்:

சிறுத்தையை எதிரில் கண்டால் ஓடாதீர்கள், குனியாதீர்கள். முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்னுக்கு வாருங்கள். மலையில் இறங்குமுன் கூட்டமாகச் சத்தம் கொடுங்கள். அது தானாக விலகிப் போகும்.

தேயிலைக்குள் குட்டிகளைக் கண்டால் தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், திரும்பி வரும். ஆட்களை விலக்கிவிட்டு நீங்களும் விலகி நில்லுங்கள்.

சுருக்கில் மாட்டிய எந்த மிருகத்துக்கும் கிட்டே போக வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சிறுத்தையையும் தேவாங்கையும் மீன்பிடிப் பூனையையும் கொல்வது, 1937 ஆம் ஆண்டிலிருந்து உள்ள வனவிலங்குச் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் வீட்டு ஆண்களுக்குச் சொல்லுங்கள்.

லயத்துக்கு அருகில் சாப்பாட்டுக் கழிவைக் கொட்டாதீர்கள். கழிவைத் தேடி நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

பிள்ளைகளுக்குச் சகுனக் கதை சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். பெயர் சொல்லிக் கொடுங்கள்.

தம்பி மகன் கென்யாவுக்குத் திரும்பிவிட்டான். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் முதலில் நீர்நாயைத்தான் விசாரிக்கிறான். நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரம் போகிறேன். பக்கத்து லயத்துத் தங்கச்சியின் மகளும் வருகிறாள். போன கிழமை அந்தப் பாறையில் புதிதாக நண்டு ஓடுகள் கிடந்தன. முதலில் பார்த்துச் சொன்னது அவள்தான்.